ஒரே ஸ்டாண்டில் எல்லார் பிரஷ்ஷும்

1

இன்று காலை ஒரு வகுப்பு முழுக்க ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். வேண்டுமென்று செய்ததில்லை. முதல் வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பல் தேய்த்து முடித்திருந்தார்கள். நுரையைக் காகிதத்தில் துப்ப வேண்டும், வாய் கொப்பளிக்கக் கூடாது. அதுதான் இங்கே விதி. பேஸ்டில் இருக்கும் மருந்து பல்லில் கொஞ்ச நேரமாவது தங்க வேண்டும் என்பதற்காக. ஒரு சிறுமி நுரையை விழுங்கப் போனாள். அந்த அவசரத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. “துப்பு! துப்பு!” என்று கத்திவிட்டேன்.

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் “துப்பு, துப்பு” என்று சொல்லிக்கொண்டே துப்பியது. தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே அது எந்த மொழி என்று கேட்டார். சொன்னேன். “கேட்கவே அழகாக இருக்கிறது” என்றார். அந்த வார்த்தையை ஒருவர் அழகு என்று சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

கிழக்குக் கரையில், கடல் எப்போதும் சாம்பல் நிறமாகவே இருக்கும் ஒரு சிறிய ஊரில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் சாமுவேல் மருத்துவமனையில் நர்ஸ். மகள் ஹன்னா இங்கேயே பிறந்தவள். இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகள் பள்ளியிலேயே தினமும் பல் தேய்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கும் பள்ளிகளுக்குப் போய், ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டு வருவது என் வேலை. ஊரில் நான் பல் டாக்டருக்குப் படித்தவள். இங்கே அந்தப் படிப்பு செல்லுபடியாக வேண்டுமானால் எழுத வேண்டிய பரீட்சைகளை எழுதி முடிக்கவில்லை. அதனால் ஒரு பிள்ளையின் வாயில் சொத்தை இருப்பது எனக்குத் தெரிந்தாலும், “பல் மருத்துவரிடம் காட்டுங்கள்” என்று எழுதி அனுப்ப மட்டும்தான் எனக்கு அதிகாரம். ஊர் ஜனங்களிடம் இதை விளக்கி முடியாது. “பல்லு தேய்க்கச் சொல்லித்தரவா பிளேன் ஏறிப் போன?” என்று நைனாவே, என் அப்பாவே, கேட்டிருக்கிறார்.

இந்த வாரத்தோடு நான் ஊரிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கென்று போனவள் ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே மாட்டிக்கொண்டேன். இதுவரை எழுதவில்லை. பள்ளி வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகும் உள்ளே “துப்பு, துப்பு” கேட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கார்வேட்டிநகரம் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சர்ச்சில் இரண்டும். அம்மா போன பிறகு நைனா தனியாகத்தான் இருக்கிறார். ஆர்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கண்ணில் புரை. சித்தூரில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடித்து, சொட்டு மருந்து விடும் நாட்கள் மட்டும் கூட இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன்.

சென்னையில் இறங்கி ரயில் பிடித்தேன். விமானத்தில் தூங்காத அசதி. புத்தூர் வரும்போது விழித்துப் பார்த்தால் தோளில் மாட்டியிருந்த பை இல்லை. பணம் போனால் போகிறது. பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நைனா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான்தான் நகர முடியாமல் நின்றேன். புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். அதற்கு முன்னால் போலீஸ் வந்து விசாரிக்க வேண்டும். எங்கள் ஊருக்குத் தபால் வருவது புத்தூர் வழியாக. நான் வெளிநாடு போனபோது எல்லாமே சித்தூர் ஜில்லா. நடுவில் ஜில்லாவைப் பிரித்தார்கள். புத்தூர் திருப்பதி ஜில்லாவுக்குப் போனது. எங்கள் ஊர் சித்தூரிலேயே நின்றது. பின்கோடைப் பார்த்து என் காகிதம் அந்தப் பக்கம் போயிற்று. “இந்த ஊர் எங்களுது இல்லம்மா” என்று அவர்கள் திருப்பினார்கள். சித்தூரில் கேட்டால், “எங்களுக்கு ஒன்னும் வரலியே” என்றார்கள். யாரும் தப்பாகப் பேசவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், ஒருவர் டீ கூட வரவழைத்தார். நான்தான் எந்த ஜில்லாவிலும் இல்லாதவளாக ஆகிவிட்டேன்.

வேலையிடத்தில் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு என்று கேட்டு மெயில் வந்தது. அதிக நாள் வெளியே இருந்தால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று சாமுவேல் சொன்னார். தினமும் சாயங்காலம் வீடியோவில் ஹன்னாவைப் பார்ப்பேன். முதல் வாரத்தில் “அம்மா எப்ப வருவே?” என்று தமிழில் கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

3

சுகுணா என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அது தமிழ் மீடியம். இரண்டே டீச்சர்கள். அவளும் ஒரு வயதான சாரும். நான் வாசற்படியில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறாள். ஒருநாள் உள்ளே வந்துவிட்டாள்.

“இப்பிடியே ஃபோனப் பாத்துக்கினு இருந்தா உனக்குப் பைத்தியம் புடிச்சிரும் ஜெசி. வா எங்கூட. எங்க பசங்க பல்லக் கொஞ்சம் பாரு. பாதிப் பேரு பல்லு வலின்னு மட்டம் போடறாங்க.”

போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்த பிள்ளைகளில் முழுப் பல்லோடு இருந்தவர்கள் குறைவு. முன்பல் கரைந்து கறுத்த வேராக நின்றது பலருக்கு. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் பள்ளிச் சாப்பாடு, சாயங்காலம் கடையில் தொங்கும் பாக்கெட் தீனி. ஒன்றாம் வகுப்பில் அமுலு என்று ஒரு சிறுமி. சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டினாள். வலி என்றால் ஊசி போடுவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“டெய்லி ஸ்கூல்லயே பல்லு தேய்க்க வெச்சா?” என்று கேட்டேன். சுகுணா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பாடம் நடத்தவே நேரமில்ல. சரி, சொல்லு. இன்னா பண்ணணும்?”

புத்தூரில் சின்னப் பிரஷ்களும் பேஸ்டும் வாங்கினேன். கேட் செய்யும் வெல்டர் ஒருவர், தகரத்தில் ஓட்டை போட்டு ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் தங்கள் பிரஷ்ஷைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் ஒரு படம் வரைந்தேன். கிளி, பஸ், மாம்பழம், ஆட்டுக்குட்டி. அமுலு ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெற்றோர்களைக் கூட்டி விளக்கினேன். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் தொடக் கூடாது. பிரஷ்கள் ஒன்றோடொன்று உரசக் கூடாது, கிருமி ஒட்டும். தேய்த்த பிறகு துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம்.

கடைசி விஷயத்தில்தான் முதல் சண்டை. பள்ளியில் சமைக்கிற முனியம்மா கரண்டியோடு வந்தாள்.

“வாய் கொப்பளிக்காம கொழந்திங்க எப்பிடிம்மா இருக்கும்? எச்சில வாயிலயே வெச்சிக்கினு சோறு துன்னச் சொல்றியா? உங்க ஊர்ல அப்பிடித்தான் துன்றாங்களா?”

“சாப்பிட்ட பிறகுதான்க்கா தேய்க்கப் போறோம். அதுக்கப்புறம் துன்றதுக்கு ஒன்னுமில்ல.”

“அப்பவும் தண்ணி ஊத்தாம சுத்தம் எப்பிடி வரும்?” என்றாள். நான் மருந்து, பல், எனாமல் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “சரி, ஒரே ஒரு வாய் தண்ணி” என்றாள். ஒரு வாய் தண்ணீரில் உடன்பாடு ஆயிற்று.

பிள்ளைகள் பாதியிலேயே பிரஷ்ஷை எடுத்துவிட்டு ஓடினார்கள். அதற்கு சுகுணா ஒரு வழி கண்டுபிடித்தாள். தேய்க்கும் நேரம் முழுக்க ஒரு கதை சொல்வாள். காட்டில் வழி தவறிய ஒரு கழுதையின் கதை, அவளாகவே கட்டியது. யார் வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாலும் கதை அங்கேயே நின்றுவிடும். மற்றப் பிள்ளைகள் அவனை அடிக்கப் போவார்கள். கதை ஒருநாளும் முடியாது, மறுநாள் தொடரும். மட்டம் போடுகிறவர்கள் கூட மத்தியானத்துக்கு வந்துவிட்டார்கள். குழாயின் அருகில் வரிசையாக உட்கார்ந்து, வாயில் நுரையோடு, கண்ணை விரித்துக்கொண்டு அவளையே பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான் ஃபோனை மறந்திருப்பேன்.

4

அமுலுவின் கன்னம் ஒருநாள் வீங்கிவிட்டது. பிரஷ் தீர்க்கக்கூடிய நிலையை அந்தப் பல் எப்போதோ தாண்டியிருந்தது. அவள் அம்மா செல்வி, மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சீசனுக்கு வேலைக்குப் போகிறவள். சீசன் முடிந்திருந்தது. என் காகிதம் விஷயமாகத் திருப்பதிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் போனேன்.

முதலில் ஆஸ்பத்திரி. டாக்டர் பெண், என்னைவிடச் சின்னவள். வாயைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில், “இன்னி ரோஜுலு ஏம் சேசாரம்மா?” என்று செல்வியிடம் கேட்டாள். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று. செல்வி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், “பால் பல்தானே, விழுந்துடும்னு விட்டுட்டாங்க.” அமுலு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டபோது சத்தமே இல்லை. பல் வெளியே வந்த பிறகுதான் அழுதாள், அதுவும் அந்தப் பல்லைப் பார்த்து.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு அவள் என் மடியில் தூங்க, நான் பாஸ்போர்ட் ஆபீஸ் பெஞ்சில் என் முறைக்குக் காத்திருந்தேன். கூப்பிட்டார்கள். காகிதம் சரியான ஜில்லாவுக்குப் போய்விட்டது, இனி ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார், ஊரில் இரண்டு பேர் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவில் நின்றபோது இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு இறங்கியது. செல்வி கேட்டாள்: “உம் பொண்ணு அங்க யாரு கூடக்கா தூங்குது?” “அவங்கப்பா கூட.” “ஆம்பளைக்குத் தல பின்னத் தெரியுமா?” தெரியாது. ஹன்னாவின் முடியை வெட்டிவிட்டார்கள் என்பதை நான் வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் பிள்ளைகள் பல் தேய்ப்பதை சுகுணா வீடியோ எடுத்தாள். ஹன்னா சந்தோஷப்படுவாள் என்று அனுப்பினேன். அதில் நான் அமுலுவின் தாடையைப் பிடித்து, பின்பல்லைத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அன்று ஹன்னா ஃபோனுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. “அவ இப்ப தானே தேய்ச்சிக்கறா. உங்கிட்ட சொல்லச் சொன்னா” என்றார் சாமுவேல். அவளுக்கு இரவில் பல் தேய்த்துவிடுவது என் வேலையாக இருந்தது. ஊருக்குக் கிளம்பும் நாள் வரை.

5

நாதமுனி எங்கள் ஊரில் மேல்தெரு. பள்ளிக் கமிட்டித் தலைவர். அவருடைய பேத்தி லாவண்யா மூன்றாம் வகுப்பு. நல்ல மனிதர். மோட்டார் ரிப்பேரானால் தன் வீட்டிலிருந்து குழாய் போட்டுப் பள்ளிக்குத் தண்ணீர் விடுவார். எனக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று கேள்விப்பட்டு அவராகவே வீட்டுக்கு வந்தார்.

“கவலயே படாதம்மா. ஸ்டேஷன்ல எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான். நான் கையெழுத்துப் போட்டா ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. ஒரே நாள்ல முடிச்சி அனுப்பிடலாம்.”

நைனா அவருக்கு நாற்காலி போட்டார். டீ குடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் எப்போதும் டீ குடித்ததில்லை. எங்கள் தாத்தா எந்தத் தெருவிலிருந்து சர்ச் தெருவுக்கு வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது நின்றார். “இன்னொரு சின்ன விசயம்மா. அந்தப் பல்லு ஸ்டாண்டு. நல்ல காரியம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லார் பிரஷ்ஷும் ஒரே தகரத்துல கீது. எங்க வீட்டுப் பொம்பளைங்க சங்கடப்படறாங்க. நீங்களே சொன்னீங்க இல்ல, ஒன்னோட ஒன்னு ஒரசக் கூடாதுன்னு? காலனிப் பசங்களுக்கு ஒன்னு, எங்க பசங்களுக்கு ஒன்னு, ரெண்டு ஸ்டாண்டா வெச்சிடுங்க. செலவு நான் ஏத்துக்கறேன்.”

கிருமிக்காக நான் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. கையெழுத்தையும் ஸ்டாண்டையும் அவர் முடிச்சுப் போடவும் இல்லை. முடிச்சைப் போட்டுக்கொண்டது நான்தான்.

சுகுணாவிடம் ஓடினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“எனக்கும் சொல்லி அனுப்பினாரு. அந்தத் தெருப் பசங்க நின்னுட்டா ஸ்ட்ரென்த் கொறைஞ்சிடும். ஸ்கூல மூடி வேற ஸ்கூல்ல சேத்துடுவாங்க. அது தெலுகு மீடியம். தமிழ் மீடியம் ஒருதரம் போச்சின்னா திரும்பி வராது.”

“அப்ப ரெண்டு ஸ்டாண்டு வைக்கலாம்ன்றியா?”

“நீ போயிடுவ ஜெசி. நான்தான் இங்க இருக்கணும்” என்றாள்.

சாயங்காலம் சாமுவேலிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “ரெண்டு ஸ்டாண்டு வெச்சிட்டு வா ஜெசி. அந்த ஊரைத் திருத்தவா போன? இங்க பிள்ள கெடக்கு.” அவர் பின்னால் ஹன்னா இருந்திருக்கிறாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் திரைக்குள் வந்தது. ஆங்கிலத்தில் கேட்டாள்: “எதுக்கு ரெண்டு ஸ்டாண்டு? பசங்க அவ்வளவு பேரா?”

இல்லை, ஒரு ஸ்டாண்டே போதும், அதிலேயே ஓட்டைகள் மிச்சம் இருக்கின்றன என்றேன்.

“அப்போ ஏன் ரெண்டு?”

ஆங்கிலத்தில் தொடங்கினேன். இரண்டு வார்த்தையில் நின்றுவிட்டது. தமிழில் தொடங்கினேன், அது அவளுக்கு எட்டாது. எட்டினாலும் என்ன சொல்வது? உன் அம்மாவின் பிரஷ்ஷும் இங்கே அந்த இன்னொரு ஸ்டாண்டில்தான் இருக்கும், உன்னுடையதும் அதில்தான் இருக்கும் என்றா? சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளி வாசலிலேயே சுகுணாவிடம் இதைச் சொன்னேன். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“கடசியில அந்தப் பொண்ணுக்கு இன்னாதான் சொன்ன?”

“ஒன்னும் சொல்லல.”

“எங்கிட்டயும் இங்க இருக்கற பசங்க கேப்பாங்க இல்ல” என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு கதவைத் திறக்காமலே திரும்பி மேல்தெருவுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

நாதமுனி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.  சுகுணா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: “அண்ணா, ஸ்கூல்ல ஒரே ஸ்டாண்டுதான். ரெண்டு வைக்க என்னால முடியாது. யாருக்காச்சும் வேணாம்னா பிரஷ்ஷ வீட்லருந்து எடுத்தாரட்டும். ஆனா ஒரே வரிசையிலதான் உக்காரணும்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீங்களும் அதான் சொல்றீங்களாம்மா?”

“ஆமா. நீங்க எனக்குக் கையெழுத்து போடலன்னாலும் பரவால்ல” என்றேன்.  ஹன்னாவின் முகம் மட்டும் கண்ணில் நின்றது.

“அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?” என்றார். முகம் சிறுத்துவிட்டது. “உங்க இஷ்டம். என்ன மட்டும் கெட்டவன்னு நெனச்சிக்காதீங்க.”

ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்த அன்று அவர் ஊரில் இல்லை. கார்வேட்டிநகரம் போயிருக்கிறார் என்றார்கள். கான்ஸ்டபிள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “சாட்சி எக்கடம்மா?” என்றார். சுகுணா வந்து நின்றாள். இன்னொருவர்? நைனா சொந்தக்காரர், அவர் போட முடியாது.  பெரிய மனிதர் யாருமே வரமாட்டார்கள் என்று மெல்லச் சொன்னேன்.

“பெத்த மனுஷுலு எந்துக்கு? ஊர்ல இருக்கறவங்க யாராச்சும் ஆதாரோட வந்தா போதும்மா” என்றார் அவர், பேனாவைத் தேடிக்கொண்டே.

அமுலுவைப் பள்ளியில் விட வந்த செல்வி கையெழுத்துப் போட்டாள். கான்ஸ்டபிள் அவளிடம், “இந்தம்மாவ உனக்கு எவ்வளவு நாளா தெரியும்?” என்று கேட்டார். “எம் பொண்ணு பல்லப் பிடுங்கறப்ப இதுதான் சார் மடியில வெச்சிக்கினு இருந்திச்சி” என்றாள் செல்வி. அவர் அதை எழுதவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாமல் கடல் தாண்ட முடியாது என்று எத்தனை நாள் தூக்கம் கெட்டிருந்தேன். அந்தப் பூட்டில் பாதியை நானே போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் அதோடு தீர்ந்துவிடவில்லை. பாஸ்போர்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விசா இப்போது காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். அது பழைய பாஸ்போர்ட் எண்ணோடு கட்டியிருந்தது. அதை அவிழ்த்துப் புதியதோடு கட்ட இன்னும் எத்தனையோ வாரம்.

மேல்தெருப் பிள்ளைகளில் சிலர் பள்ளியை விட்டு நின்றார்கள். சிலர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் பிரஷ் கொண்டுவந்தார்கள். லாவண்யாவும் அப்படித்தான் வந்தாள். வரிசையில் உட்காருவாள், தேய்ப்பாள், டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். கழுதைக் கதையை மட்டும் எல்லோரும் சேர்ந்துதான் கேட்டார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சுகுணாவைக் கேட்டால், “பல்லு தேய்க்கறாங்க இல்ல?” என்பாள்.

6

ஹன்னா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்து, இங்கே எல்லோரும் செய்வதுபோல ஒரு கையால் அணைத்தாள். அன்று இரவு பழக்கதோஷத்தில் அவள் பிரஷ்ஷை எடுத்துப் பேஸ்ட் வைத்தேன். வாங்கிக்கொண்டு “தேங்க் யூ” என்றாள். முன்பற்கள் இரண்டும் நான் பார்க்காமலேயே விழுந்து, புதிதாக முளைத்திருந்தன. இந்த வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்திருக்கிறாள். ஆனால் நான் கோட்டை மாட்டினால் எங்கே போகிறேன் என்று கேட்கிறாள், குப்பை கொட்டத்தான் போகிறேன் என்றாலும்.

ஊரில் பள்ளியை இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சுகுணா பயப்படுகிறாள். லாவண்யா இந்த வருஷம் புத்தூரில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்து வேனில் போகிறாள். ஸ்டாண்டினாலா, இங்கிலீஷுக்காகவா, யாரும் சொல்லவில்லை. அமுலுவுக்குக் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டது. பேஸ்டுக்கு இப்போது முனியம்மாவே கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்குகிறாளாம்.

போன வாரம் நைனாவின் இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு விடுப்பு மிச்சமில்லை. இருந்தாலும், கிளம்பினால் திரும்ப முடியுமா என்ற பயம் கைகால்களில் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, “எப்பிடியாச்சும் வந்துடறேன் நைனா” என்றேன்.

“நீ வராதம்மா” என்றார். “சுகுணா கீறா. செல்வி சொட்டு மருந்து உடறேன்னு சொல்லிகீறா. போன தரம் நீ வாசல்ல உக்காந்திருந்தத நான் ஒரு கண்ணால பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாக்க என்னால ஆவாது. அங்கயே இரு.”

ஃபோனை வைத்தேன். கதவருகில் ஹன்னா நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள், எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கிட்டே வந்து என் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சொன்னாள்:

“அம்மா, போகாத.”